கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸ்

“இந்தக் கம்பத்தை எடுக்க யாராவது ஆட்சேபணை சொன்னாங்களா மேஸ்திரி?” என்று கேட்டார் இன்ஜினீயரம்மா.

“ஒரு ஈ காக்கா கூட வரலை மேடம். நோட்டீஸை இந்தக் கம்பத்துலதான் ஒட்டினோம். கடைசி வீட்டுக்காரர் தினமும் அது மேல கையை வச்சு நின்னுட்டுப் போவார். ஷெட்லேருந்து பார்ப்பேன். எழுத்து விடாம படிச்சவரே வாயைத் திறக்கலையே!”

“அப்ப எடுத்துடுங்க. கரண்ட் லைனை நேத்தே மாத்தியாச்சு. சுங்கச் சாலைக்காக ரோடு, கம்பம், குழாய் எதை வேணும்னாலும் மாத்தச் சட்டம் இடம் கொடுக்குது.”

கிரேன் கம்பத்தைப் பல் பிடுங்குவதுபோல் பிடுங்கிப் படுக்க வைத்தது.

சாயங்காலம் கடைசி வீட்டுக்காரர் பையுடன் வந்தார். கம்பம் இருந்த இடத்தில் கையை நீட்டிக் காற்றைத் தடவினார். பிறகு தன் வீட்டு வாசலையும் தாண்டி, சாலைக்காகத் தோண்டிய பள்ளத்தை நோக்கி நேராக நடந்தார்.

மேஸ்திரி பதறி ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“யாருப்பா? இங்க ஒரு கம்பம் இருக்குமே? அதைத் தொட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவேன். எனக்குக் கண் தெரியாது. கொஞ்ச நாளா அதுல ஏதோ காகிதம் ஒட்டியிருந்துச்சு. என்னப்பா அது?”

மேஸ்திரி அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, “கம்பத்தைப் பழைய இடத்துலயே நடு” என்றார்.

“ஒயர் இல்லாத கம்பமா?” கிரேன்காரர் சிரித்தார். “மேடம் கேட்டா என்ன சொல்றது?”

“ஆட்சேபணை ஒண்ணு வந்திருக்குன்னு சொல்லு.”