முதற்காட்சியில் ஒரு கொலை

"மாஸ்டர், தம்பிக்காரனை முதற்காட்சியிலேயே கொல்லுவம்," என்றான் கதிராமன்.

"உமக்கென்ன விசரே? அண்ணனும் தம்பியும் கடைசியில ஒற்றுமையாகிற நாடகமல்லோ இது!" என்றார் அதை எழுதிய ஆதம்பாவா மாஸ்டர்.

"அரசனுக்குத் தம்பியில பொறாமையெண்டு மாத்துங்கோ. ஏலாதெண்டா வேற அரசனைத் தேடுங்கோ."

திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும், நாடகத்தில் அரசனாக நடிக்கும் கதிராமனுக்கு உடம்பு பெரிது, மனம் கடுகளவு. தம்பியாக நடிக்கும் சின்னப்போடி வாய் திறந்தால் ஒத்திகை பார்ப்பவர்களே கைதட்டினார்கள். சிறந்த நடிகனுக்கான வெள்ளிக் கிண்ணம் அவனுக்குப் போய்விடுமோ என்ற பயம் கதிராமனை அரித்தது.

நாடகப் போட்டிக்கு இரண்டே நாள். மாஸ்டர் பணிந்தார்.

மேடையில் சின்னப்போடி முதற்காட்சியிலேயே குத்துப்பட்டு விழுந்தான். "கிட இனி," என்று அவன் காதில் முணுமுணுத்த கதிராமன், மிச்ச நேரமெல்லாம் பிணத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தொண்டை கிழிய வசனம் பேசினான்.

நடுவர் கிண்ணத்தைத் தூக்கினார். கதிராமன் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தான்.

"அரசர் போட்ட கூச்சலில் எங்களுக்கே இருக்க ஏலாமல் போச்சு," என்றார் நடுவர். "ஒன்றரை மணித்தியாலம் அவர் காலடியில் அசையாமல் கிடந்த அந்தப் பிணத்துக்கே கிண்ணம்!"