இடது பக்கத்துக் கணக்கு

மழை விட்ட சாயங்காலம், மணி ஏழு. பூந்தமல்லியில் ஒரு சின்னத் தனியார் கல்லூரி. வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்பு நடக்கிறது. கஸ்தூரி மேடம் கரும்பலகையின் வலது பாதியிலேயே எழுதி எழுதி அழிக்கிறார். இடது பாதியில் ஆறு மணிக்குப் போட்ட கணக்கு அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் டஸ்டர் போவதே இல்லை. வருகைப் பதிவேட்டிலும் ஏழாம் நம்பர் லோகநாதனை மட்டும் இன்னும் கூப்பிடவில்லை. இன்றும் வராவிட்டால் வருகை நாள் குறைந்து அவன் பரீட்சை எழுத முடியாது. வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். "தோ, வந்துகினு கீறான் மேடம்!" என்று ஜன்னலோரத்து ஜேம்ஸ் கத்துகிறான். மண்ணூர்பேட்டை லேத் பட்டறையிலிருந்து மிதித்து வந்தவனுக்கு மூச்சு வாங்குகிறது. "ஷிப்டு மாத்துற ஆளு இப்பதான் வந்தான் மேடம்..." மேடம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், "நம்பர் ஏழு," என்கிறார். கிரீஸ் படிந்த கை உயர்கிறது. பெஞ்சில் கறை படுமென்று நுனியில் உட்கார்ந்து, அவன் இடது பாதியை நோட்டில் எழுதிக்கொள்கிறான். முப்பது பேரும் காத்திருக்கிறார்கள். ஃபேன் மட்டும் கிறீச்சிடுகிறது. அவன் பேனா நின்றதும், "அழிக்கலாமா, லோகநாதன்?" என்று மேடம் கேட்கிறார். எழுதி முடித்துவிட்டவன்தான். ஆனாலும் முகத்தை நோட்டுக்குள் கவிழ்த்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் மேடம்," என்கிறான்.