அடைத்த வாசல்

மார்கழியிலும் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாத ஊரில், குளிர்காய அடுப்பும் புகைபோக்கியும் வைத்துக் குருமனையைக் கட்டிவிட்டுப் போனார் ஸ்காட்லாந்துப் பாதிரியார். அதை ஆதியில் இருந்தபடியே புதுப்பிக்க வந்த பொறியாளர் நந்தகோபால் வடக்குச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இங்க ஒரு வாசல் இருந்திருக்கும்மா. திறந்துடலாம்." இப்போது அங்கே குடியிருக்கும் போதகரின் மனைவி ஜெமிமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நெஞ்சளவு உயரமே இருந்த வாசல் அது. துரைமார் முன்வாசலில் போய்வர, அவர்களுக்குக் கீழே உபதேசியாராக ஊழியம் செய்த அவளுடைய பூட்டன் அதில்தான் குனிந்து நுழைந்தார். பிறகு முதல் தமிழ்ப் போதகராக இந்த வீட்டுக்கே குடிவந்த அன்று, ஜெபம்கூடப் பண்ணாமல், தன் கையாலேயே செங்கல் அடுக்கி அதை அடைத்தார். "எங்க பூட்டனாரு குனிஞ்ச வாசல் சார் இது. நான் உசிரோட இருக்கிற வரைக்கும் திறக்க விடமாட்டேன்." நந்தகோபால் சுவரில் தான் போட்டிருந்த சாக்பீஸ் குறியை அழித்தார். கொல்லைப்பக்கம் போனவர், கழிப்பறையை ஒட்டிய குட்டைத் தகரக் கதவின் முன்னால் நின்றுவிட்டார். "இது பழைய வரைபடத்துல இல்லையே. எப்ப வச்சதும்மா? வருஷம் குறிச்சுக்கணும்." தான் குடிவந்த வருஷத்தைத்தான் சொல்லியாக வேண்டும். ஜெமிமா வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. கக்கூஸ் கழுவ வரும் பவுனு, விளக்குமாற்றோடு, வழக்கம்போல் குனிந்து உள்ளே வந்தாள். "தோத்திரம்மா," என்றாள். நந்தகோபால் பென்சிலோடு காத்திருந்தார்.