முதல் வாளி

உளி இறங்கிய இடத்தில் கல் நனைந்தது.

கையை வைத்துப் பார்த்தான். குளிர்ச்சி. வேர்வை அல்ல.

இன்னும் இரண்டு அடி அடித்தான். சுண்டுவிரல் பருமனுக்குத் தண்ணீர் எழும்பி முழங்கை வரை ஓடியது.

இருநூற்று எண்பது அடி ஆழம். மேலே வானம் சாப்பாட்டுத் தட்டு அகலம்.

சேலம் பக்கத்திலிருந்து அவனை ரயிலேற்றி இந்தப் பாலைவனத்துக்குக் கொண்டுவந்தபோது கிணறு என்றார்கள். ஊர்க்காரர்களிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். முள்வேலிக்கு வெளியே பெண்கள் தினமும் காலிக் குடத்தோடு வந்து, நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

கிணற்றுச் சுவருக்கு யாரும் மூன்றடி கனத்தில் சிமெண்டு போட மாட்டார்கள். கிணறு வெட்டுகிறவன் வீட்டுக்குப் போடும் கடுதாசியைப் பிரித்துப் படிக்க மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து நாட்டுக்காரன் பூமிக்கடியில் அணுகுண்டு ஒன்றை வெடித்தான். சிப்பாய்களின் டிரான்சிஸ்டரில் அன்று முழுக்க அதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமைக்குள் நாமும் வெடித்துக் காட்ட வேண்டும். காட்டினால்தான் அவன் அடங்குவான்.

அங்கேயும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

குண்டு லாரியில் வந்துவிட்டது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அதை இறக்கக் குழி காய்ந்திருக்க வேண்டும்.

சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்தான்.

"தண்ணி வந்துருச்சுங்க சார்."

மேலே எஞ்சினியர் அருமைநாயகம். திருநெல்வேலிக்காரர். அங்கிருந்த அதிகாரிகளில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கையோடு வைத்திருப்பார். வேறு யாராவது தொட்டால் கழுவச் சொல்வார்.

"எவ்வளவு?"

"நல்ல ஊத்துங்க."

பதிலுக்கு வாளிதான் வந்தது. உள்ளே இரண்டு மூட்டை சிமெண்டு. ஈரம் பட்டால் பத்து நிமிடத்தில் கல்லாகும் ஜாதி. முகாமில் மிச்சம் இருந்ததே அந்த இரண்டுதான். அடுத்தது பட்டணத்திலிருந்து வர மூன்று நாள்.

போன் அடித்தது.

"ஓய், ஊத்துக்கண்ணை அடைச்சிரும். அடைச்சிட்டு மேல வாரும்."

கிணறு வெட்டும் அவன் கூட்டத்தில் ஊற்றை அடைத்த கை கிடையாது.

முதல் தண்ணீரைக் கிணறு வெட்டியவன் குடிக்க மாட்டான். வெட்டச் சொன்னவர் குடிக்க வேண்டும். வாளி காலியாகத் திரும்பும் வரை வெட்டியவன் மேலே ஏற மாட்டான்.

மூட்டைகளை இறக்கி வைத்தான். வாளியைக் கழுவினான். ஊற்றில் பிடித்து நிறைத்தான். கயிற்றை மூன்று முறை இழுத்தான். மேலே வாளியை ஏற்றி இறக்கும் விஞ்சைப் பிடித்திருந்தவன் அவன் மச்சான் பொம்மையன். மூன்று இழுப்பு என்றால் முதல் தண்ணீர் என்று அவனுக்குத் தெரியும்.

வாளி ஏறியது.

மறுபடி போன்.

"என்னய்யா இது? சிமெண்டு போட்டீரா இல்லையா?"

"மொதல்ல நீங்க குடிங்க சார். கிணறுன்னு சொன்னது நீங்கதானே? வந்துருச்சு."

"விளையாடாதேயும். நாட்டு விஷயம் இது."

"வேலிக்கு வெளியே கொடத்தோட நிக்கிறாளுங்களே, அவளுங்க யாரு? பக்கத்து நாட்டுக்காரிங்களா?"

"கர்னல் பக்கத்துல நிக்காரு. ஆளை இறக்கி உம்மைக் கட்டித் தூக்கிருவாரு."

"இருக்கறது ஒரே வாளி. அதுல தண்ணி இருக்கு. மொதல்ல அதைக் காலி பண்ணச் சொல்லுங்க."

போனை மாட்டவில்லை. தொங்கவிட்டான். அது தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

மூட்டைகளை ஊற்றுக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே உட்கார்ந்தான். குழிக்குள் பீடி பிடிக்கக்கூடாது என்று உத்தரவு. பற்ற வைத்தான்.

உள்ளே ஆள் இருக்கும்போது குண்டை இறக்க முடியாது. அது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும்.

தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

பயம் இல்லாமல் இல்லை. மேலே போனதும் உதை விழும். ஜெயிலும் இருக்கும். பொம்மையனையும் சேர்த்துத்தான் உதைப்பார்கள்.

உதைக்கட்டும். அடைக்கிற கை வேறு எவனுடையதாவது இருக்கட்டும்.

ஒருவேளை வாளியை மணலில் கொட்டிவிட்டார்களோ? வந்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் அவன் வெட்டியது வெறும் குழி.

அடிமூட்டை நனைந்தது. சூடு ஏறியது. சிமெண்டு இறுகும்போது சுடும். அவன் பாரத்தின் கீழே மூட்டை மூட்டையாகவே கல்லாகிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏற ஏற மேல்மூட்டையும் சுட்டது.

அவன் எழுந்திருக்கவில்லை.

மேலே கத்தல். யாரோ ஓடும் சத்தம். எதுவோ உருண்டது.

பிறகு ஒன்றுமில்லை. போனும் அடங்கிவிட்டது.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது கயிறு அசைந்தது.

வாளியின் கனம் கயிற்றின் நடுக்கத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். ஆள் இல்லை. தண்ணீரும் இல்லை.

முகத்துக்கு நேரே வந்து நின்றது.

உள்ளே சிப்பாய்களின் பச்சைத் தண்ணீர்ப் புட்டிகள். பதினொன்று. எல்லாம் காலியாக, மூடி திறந்து கிடந்தன. நடுவே பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர்.

டம்ளருக்குள் விரலை விட்டுப் பார்த்தான். அடியில் ஈரம்.

ஒவ்வொரு புட்டியாக ஊற்றில் பிடித்தான். அவசரப்படவில்லை. பதினொன்றையும் மூடி வாளியில் நிறுத்தினான்.

கடைசியாக டம்ளரை எடுத்தான். கழுவவில்லை. விளிம்பு வரை பிடித்து, வாய் வைத்தே குடித்தான்.