இரண்டே மில்லிசெகண்டு

சர்வர் அறையின் குளிரில் ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் திரையையே பார்க்கிறாள். விசிறிகளின் இரைச்சலுக்குள் பச்சை விளக்குகள் ஒன்றும் தெரியாத பாப்பாபோலக் கண்சிமிட்டுகின்றன. இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து போன ஸ்கேன் படங்களின் ஒவ்வொரு துண்டுக்கும் ‘கிடைத்தது’ என்று பதில் வந்திருக்கிறது. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டும். வந்துவிட்டால் இங்குள்ள பிரதி தானாக அழிந்துவிடும். அதை நம்பித்தான் நேற்று, படங்கள் வரவில்லை என்று அங்கிருந்து போன் செய்த டாக்டரிடம், “கோளாறு உங்க பக்கம்தான் டாக்டர்” என்று கூசாமல் பழியை அவர் தலையில் போட்டாள். இப்போது பதில்கள் வந்த நேரத்தைப் பார்க்கிறாள். இரண்டு மில்லிசெகண்டு. அந்தத் தூரம் போய்த் திரும்பவே இருபது ஆகும். ஆக, பதில் சொன்னது ஆஸ்பத்திரி அல்ல. லைன் வேகமாகும் என்று போன மாதம் சீனியர் கொண்டுவந்து மாட்டிய, இதோ முழங்கால் உயரத்தில் கதகதவென்றிருக்கும் இந்தக் கறுப்புப் பெட்டி. வாங்கி வழியிலேயே தொலைத்துவிட்டு, கொடுத்துவிட்டேன் என்றிருக்கிறது. நாற்பத்தொரு நோயாளிகளின் படங்கள் இங்கும் இல்லை, அங்கும் இல்லை. ஏழு வருடமாக அவளைத் தங்கச்சி என்றே கூப்பிடும் அந்தச் சீனியர், ‘உணவுப் பொருட்களுக்கு அனுமதி இல்லை’ என்ற போர்டுக்குக் கீழே உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருக்கிறார். அவள் நாற்காலியோடு திரும்புகிறாள்.

“அண்ணே, இந்தப் பெட்டி இப்படிப் பண்ணும்னு உங்களுக்கு மொதல்லயே...”

“தெரியாதும்மா.”

கேள்வி இன்னும் முழுசாக அவள் வாயைவிட்டே கிளம்பவில்லை. பதில் வந்து சேர்ந்துவிட்டது.