பூட்டுக்குள்ளே ஈரம்

திருடன் இன்றும் வந்துபோயிருந்தான். எதையும் எடுக்கவில்லை, ரீட்டை மட்டும் நனைத்துவிட்டுப் போயிருந்தான்.

சாக்ஸ்காரர் அந்த மெல்லிய நாணல் பட்டையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சாக்ஸபோனில் உதடு படுகிற இடத்தில் இருப்பது அதுதான். காய்ந்து கிடந்தால் அதிராது. வாயில் வைத்து ஊறவைத்தால்தான் ஒலி எழும்பும். வாசித்து முடித்து மூடி போட்டுவிட்டால் கொஞ்ச நேரம் ஈரம் நிற்கும். ஆனால் அவர் வாசித்தே பல நாளாகிறது.

வாசிக்க நேரமேது? வாத்தியத்தைப் பாதுகாக்கவே பொழுது சரியாக இருந்தது. அலமாரிக்கு இரட்டைப் பூட்டு, ஜன்னலுக்குக் கூடுதல் கம்பி, வாத்தியத்தின் அடியில் ஊசியால் கீறிய பெயர், எல்லாக் கோணத்திலும் புகைப்படம். பெற்ற மகளுக்குக்கூட அவர் இத்தனை படம் எடுத்ததில்லை.

"ஏம்மா, பகல்ல யாராவது வந்தாங்களா?" என்று மனைவியைக் கேட்டார்.

"கேஸ்காரர் வந்தார். சிலிண்டர வச்சுட்டுப் போனார். எதையும் ஊதினதா எனக்குத் தெரியல."

"உனக்கு எல்லாம் விளையாட்டு! பாலிசி வரலேன்னா மாஸ்டர் என்னை வண்டியில ஏத்தமாட்டார், தெரியும்ல?"

அது உண்மை. போன மாதம் இசைக்குழுவின் கீபோர்டு வண்டியிலிருந்தே காணாமல் போனது. அன்றிலிருந்து குழுவை நடத்தும் மாஸ்டர் ஒரே பிடியாக நின்றார்: இன்ஷூரன்ஸ் இல்லாத வாத்தியம் வண்டியில் ஏறாது. சனிக்கிழமை பெரிய அரங்கு. சாக்ஸ்காரர் தனியாக நின்று வாசிக்கப்போகிற முதல் மேடை. சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லியாகிவிட்டது.

மறுநாள் இன்ஷூரன்ஸ் சர்வேயரைப் போனில் பிடித்து, ரீட் நனைகிற கதையைச் சொன்னார்.

"பூட்டுல கீறல் இருக்கா சார்?" என்றார் சர்வேயர். "கம்பிய விட்டு நெம்பினா சாவித் துவாரத்தச் சுத்திக் கோடு விழும்."

"ஒரு கோடும் இல்ல."

"அப்ப சாவி போட்டே திறக்கறாங்க. யாருன்னு தெரியாம பாலிசி தரமுடியாது. சாவிய எங்க வைக்கிறீங்க?"

சாக்ஸ்காரர் குரலைத் தாழ்த்தினார். "சமையலறையில, சர்க்கரை டப்பாவுக்குள்ள. கல்யாணமான நாள்லேருந்து சாவி ஒளிக்கிற வரைக்கும் நான் அந்த டப்பாவத் திறந்ததே இல்ல. அங்க போயி எவன் தேடுவான்?"

"நான் நேர்லயே வர்றேன் சார்" என்றார் சர்வேயர்.

சாக்ஸ்காரர் சாட்சிக்கு மாஸ்டரையும் அழைத்துக்கொண்டார். நட்டநடுப் பகலில் மூவரும் மாடிப்படி ஏறும்போதே மேலே சாக்ஸபோன் கேட்டது.

"உள்ளதான் இருக்கான்!" சாக்ஸ்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "திருடனுக்கு என்ன தெனாவட்டு பாருங்க! நிதானமா வாசிச்சிட்டிருக்கான்! போலீஸக் கூப்பிடட்டுமா?"

"வாய மூடுய்யா" என்றார் மாஸ்டர்.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஒலி மெல்ல ஏறி, உச்சியில் ஊசலாடி, மூச்சு சிந்தாமல் இறங்கியது. சர்வேயர் பையை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். சாக்ஸ்காரர் மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகே தயாராக நின்றார்.

பாட்டு முடிந்ததும் கதவைத் தள்ளினார். கழுத்தில் வாரோடும் கையில் வாத்தியத்தோடும் நின்றது அவர் மனைவி.

"நீயா! சாவி எப்படிடி கிடைச்சது?"

"தினமும் காப்பி யாருங்க போடுறா? ஒளிச்சு வச்ச அன்னிக்கே கரண்டியில வந்துடுச்சு."

"வாசிக்க எங்க கத்துக்கிட்ட?"

"நீங்க மாசாமாசம் ஃபீஸ் கட்டுற ஆன்லைன் கிளாஸ்லதான். வாத்தியார் கம்ப்யூட்டர்ல கத்திட்டே இருப்பார், நீங்க ஜன்னலுக்கு ஸ்க்ரூ முடுக்கிட்டே இருப்பீங்க. ஒருத்தராவது கேக்கட்டுமேன்னு உக்காந்தேன்."

சாக்ஸ்காரர் பரிதாபமாகச் சர்வேயரைப் பார்த்தார். "சார், அப்ப பாலிசி?"

"வீட்டுக்காரங்க எடுத்து வாசிச்சா அது திருட்டு இல்ல சார். பூட்டெல்லாம் பிரமாதம். இன்னிக்கே போட்டுடலாம்."

சாக்ஸ்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செருப்பைக் கீழே போட்டுவிட்டு மாஸ்டர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்கல்ல மாஸ்டர்? இனிமே ஒரு சிக்கலும் இல்ல. சனிக்கிழமை எத்தன மணிக்கு வண்டி?"

மாஸ்டர் படியிலிருந்து எழுந்து, வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார்.

"பாலிசி உன் பேர்லயே இருக்கட்டும்யா, மேடையில தங்கச்சி வாசிக்கட்டும்."