ஒரு ஆள் கூடுதல்

போன ஆடியில் நாகப்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போன வெற்றிசெல்வன் திரும்பவில்லை. காரியம் செய்யச் சொன்னவர்களுக்கு அவன் மனைவி பூமிகா பிடிகொடுக்கவில்லை. வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு டேட்டாபேஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகுப் பதிவேடு ஒன்றுக்காக அன்று அவள் எழுதிய ஃபங்ஷன் என்ற நிரல்துண்டு படகுகளை அல்ல, ஒவ்வொரு படகுக்குள்ளும் இருக்கும் ஆட்களை எண்ண வேண்டும். சோதனைக்கு மூன்று படகு, படகுக்கு நான்கு பேர் என்று கொடுத்தாள். பதின்மூன்று என்று வந்தது.

படகு படகாகத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் நான்கு பேர்தான். ஒவ்வொன்றாக நீக்கினாள். கடைசிப் படகும் போன பிறகும் திரையில் ஆட்களின் எண்ணிக்கை ஒன்று என்று நின்றது.

உடன் வேலை பார்க்கும் இனியவன் போனில் கேட்டான். "சரியாயிடுச்சாக்கா?"

"படகெல்லாம் எடுத்துட்டேன் தம்பி. ஆளு இன்னும் இருக்காரு."

பிழையை அவள் திருத்தவில்லை. ஆளில்லாத படகு ஒன்றை மட்டும் சேர்த்துவைத்தாள்.